டோங்கா மரப்பட்டைத் துணியைப் பெறுவதும் கொடுப்பதும்: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து செவிலியராகவும் முதியோர் பராமரிப்பாளராகவும் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்று வேலை செய்வோர் நம் மாவட்டத்தில் இன்று பல குடும்பங்களில் உள்ளனர். தென் பசிபிக்கில் உள்ள டோங்கா நாட்டைச் சேர்ந்தோர் ஆக்லாந்திலும் சிட்னியிலும் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அவர்களோடு ஒரே மருத்துவமனையிலோ ஒரே திருச்சபையிலோ பழகும் நம்மவருக்கு ஒரு நாள் பழுப்பும் கறுப்புமாகக் கோலமிட்ட, காகிதத்தைப் போலவும் துணியைப் போலவும் தோன்றும் ஒரு பெரிய விரிப்பு பரிசாகக் கிடைக்கக்கூடும். அதன் பெயர் ஙாத்து. பிற தீவுகளின் மரப்பட்டைத் துணிகளையும் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயர் தாப்பா. ஊருக்குக் கொண்டுவரப்பட்ட பிறகு அது உணவு மேசையின் மேல் விரிக்கப்படுவதையும், பரணில் போடப்பட்டு இராமபாணப் பூச்சிக்கு இரையாவதையும் கண்டிருப்பதால், அதை எவ்வாறு ஏற்பது, எவ்வாறு காப்பது, எப்போது பிறருக்குக் கொடுப்பது என்பவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கையில் இருப்பது என்ன என்று முதலில் அறிய வேண்டும்

ஙாத்து நெய்யப்படுவதில்லை. டோங்காவில் ஹியாப்போ என்று அழைக்கப்படும் காகித முசுக்கட்டை மரத்தை இளந்தண்டாக இருக்கும்போதே வெட்டி, பட்டையை உரித்து, மேல்தோலைச் சுரண்டி நீக்கி, வெண்ணிறமான உள்பட்டையை மட்டும் எடுத்துக் காயவைக்கிறார்கள். பின்னர் அதை நீரில் ஊறவைத்து, நீண்ட மரக்கட்டையின் மேல் கிடத்தி, வரிப்பள்ளங்கள் செதுக்கிய மரக்கொட்டாப்பிடியால் மணிக்கணக்கில் தட்டுகிறார்கள். நாலு விரல் அகலமுள்ள பட்டை தட்டத் தட்ட அகன்று மெல்லிய தாளாகிறது. இத்தகைய தாள்களை இரண்டு அடுக்காக, ஓர் அடுக்கின் நார் நீளவாக்கிலும் மற்றதன் நார் குறுக்குவாக்கிலும் அமையுமாறு, கிழங்கு மாவுப் பசையால் ஒட்டுகிறார்கள். ஒட்டும் வேலையும் கோலமிடும் வேலையும் தனி ஒருத்தியால் ஆவதல்ல. ஒரு நீண்ட வளைந்த மேசையின் இருபுறமும் பெண்கள் வரிசையாக அமர்ந்து, தென்னை ஈர்க்கையும் தாழை ஓலையையும் தைத்துச் செய்த குப்பெசி என்னும் கோலப்பலகையைத் துணிக்கு அடியில் வைத்து, கொக்கா மரப்பட்டையிலிருந்து இறக்கிய பழுப்புச் சாயத்தை மேலே தேய்க்கும்போது அடியிலுள்ள வடிவம் மேலே எழுகிறது. கடைசியில் கோடுகளைக் கருமையாகக் கையால் தீட்டி முடிக்கிறார்கள். அந்தக் கொக்கா மரம் நமது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஈரமான ஓடைக்கரைகளில் வளரும் மரமே.

உங்களுக்குக் கிடைத்ததை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது தெரியும். உள்ளே சீரான செயற்கை இழைத்தாள் தெரிந்தால் அது ஙாத்து பெப்பா எனப்படும் வகை. ஹியாப்போ எளிதில் கிடைக்காத வெளிநாடுகளில் வாழும் டோங்காப் பெண்கள் அதையும் செய்கிறார்கள், விழாக்களில் கொடுக்கவும் செய்கிறார்கள். அதைப் போலி என்று எண்ணுவது தவறு. பழுப்புக் கோலமும் வெண்மையான ஓரமும் உடையது ஙாத்து தாஹினா. கருமை மிகுந்தது ஙாத்து ஊலி. கரிய வகைக்குத் தலைவர் குடும்பங்களோடும் அவர்களது பெருநிகழ்வுகளோடும் தொடர்பு மிகுதி. ஃபுவாத்தாஙா என்பது உயர்ந்தோருக்கு உரிய வகை.

ஓரத்திலுள்ள வெண்பகுதியில் எண்கள் எழுதப்பட்டிருந்தால் அவற்றை அழிக்கவோ வெட்டி நீக்கவோ கூடாது. லாஙாஙா எனப்படும் கட்ட அளவின் எண்கள் அவை. ஒரு கட்டம் ஏறத்தாழ ஒரு முழ நீளம் வரும். 50 லாஙாஙா நீளமுடைய துணி லௌநிமா எனப்படும். அதன் நீளம் 20 மீட்டருக்கும் மேல். அதனினும் இரு மடங்கு நீளமானவையும் உண்டு. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாலைந்து கட்டம் உள்ள துண்டாக இருக்கும். அது ஒரு பெருந்துணியிலிருந்து உங்களுக்கென்று பிரித்துத் தரப்பட்ட பங்காக இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அதன் மதிப்பு எங்கே உள்ளது

டோங்காவில் குடும்பச் செல்வம் இரு வகையாக எண்ணப்படுகிறது. கிழங்கு, பன்றி, காவா என்னும் பானத்துக்கான வேர் ஆகியவை ஆண்கள் உழைப்பின் பயன். ஙாத்துவும் நுண்ணிய பாய்களும் நறுமணத் தேங்காய் எண்ணெயும் பெண்களின் செல்வம். இதற்குக் கொலோவா என்று பெயர். இவ்விரண்டில் கொலோவாவே மதிப்பில் உயர்ந்ததாகக் கருதப்படுகிறது. ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள், இருபத்தொன்றாம் பிறந்தநாள், திருமணம், அரச குடும்பத்தாரின் வருகை, இறப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் கொலோவா இல்லாமல் நிகழ்ச்சி நிறைவு பெறாது. மணமக்களுக்கு அதை உடுத்துகிறார்கள். அரசர் நடந்து செல்லும் வழியில் அதை விரிக்கிறார்கள். இறந்தவரின் உடலைப் பாய்களும் ஙாத்துவும் அடுக்கிய படுக்கையின் மேல் கிடத்துகிறார்கள்.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள மிக நெருங்கிய வழி கோடித்துணியை எண்ணிப் பார்ப்பதே. மணமாகிச் சென்ற பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்து சேரும்வரை காத்திருக்கிறோம்; அந்தத் துணியின் விலையை எவரும் விசாரிப்பதில்லை, யார் கொண்டுவந்தார், எந்த உறவில் கொண்டுவந்தார் என்பதையே கூடியிருப்போர் அனைவரும் கவனிக்கிறார்கள். ஙாத்துவும் இவ்வாறே உறவை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திக் காட்டும் பொருள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோடி இறந்தவரோடு போய்விடும். ஙாத்துவில் ஒரு பகுதி உடலோடு புதைக்கப்பட்டாலும் எஞ்சியது அங்கேயே பிறருக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது, அவர்களிடமிருந்து மற்றொரு வீட்டு நிகழ்ச்சிக்குப் போகிறது.

அவ்வாறு பகிரும்போது முதலிடம் அத்தைக்கு. தந்தையின் சகோதரி டோங்கா முறையில் மேஹேகித்தாஙா எனப்படுகிறார். குடும்பத்தில் அவருக்கும் அவருடைய மக்களுக்கும் தந்தையை விட உயர்ந்த தகுதி உண்டு. நிகழ்ச்சியில் இந்த உரிமையோடு அமர்பவரை ஃபாஹு என்கிறார்கள். துக்க வீட்டில் அவர் உடலின் தலைமாட்டில் அமர்கிறார். சிறந்த பாயும் சிறந்த ஙாத்துவும் அவருக்கே செல்கின்றன. நமது வழக்கில் தாய்மாமன் சீர் கொண்டுவருகிறவர்; அங்கே அத்தை பெறுகிறவர். ஆகவே டோங்கா வீட்டு விழா ஒன்றில் ஒரு பெண்மணி முன்னிடத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் பெற்றுக்கொள்வதைக் கண்டால், அவர் யார் என்று அறிந்து முதலில் அவரை வணங்கி வாழ்த்துவது முறை.

ஒரு ஙாத்து எத்தனை கைகள் மாறக்கூடும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1953 டிசம்பரில் இரண்டாம் எலிசபெத் அரசியார் டோங்காவுக்கு வந்தபோது அவரது வருகைக்காக ஒரு லௌநிமா செய்யப்பட்டது. 1965இல் டோங்காவின் அரசி மூன்றாம் சாலோத்தே துப்போ ஆக்லாந்தில் காலமானார். அவரது உடலை விமானத்தில் தாய்நாட்டுக்குக் கொண்டுசென்றபோது அதே துணி பேழையின் அடியில் விரிக்கப்பட்டது. பின்னர் அது டோங்கா வழக்கப்படி விமானிக்குக் கொடுக்கப்பட்டது. இன்று வெலிங்டன் நகரிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓர் அரசியை வரவேற்ற துணி இன்னோர் அரசியை வழியனுப்பியது, உடலைச் சுமந்து சென்றவரின் கையில் நன்றியாக நின்றது. எந்த விலைச்சீட்டாலும் சொல்ல முடியாத மதிப்பு இது என்று நான் கருதுகிறேன்.

சிலர் இது வேற்றுச் சமயச் சடங்குப் பொருளோ, வீட்டில் வைக்கலாமா என்று தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. டோங்கா மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர். தேவாலய நிகழ்வுகளில் அவர்கள் ஙாத்துவை விரித்தும் கொடுத்தும் வருகிறார்கள். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1797இல், அவரை அனுப்பிய அதே இலண்டன் மிஷன் சங்கம் டஃப் என்னும் கப்பலில் தன் ஊழியரை டோங்காவில் இறக்கியது. அங்கே அம்முயற்சி நிலைக்கவில்லை. பிற்காலத்தில் மெதடிஸ்ட் ஊழியர் வழியாகவே திருச்சபை வேரூன்றியது. எந்தச் சமயத்தவர் வீட்டிலும் இதை மரியாதையோடு வைத்துக்கொள்ளலாம்.

பெற்றுக்கொள்ளும் முறை

கொடுப்பவர்கள் துணியை மடித்தோ, பலர் சேர்ந்து தாங்கியோ கொண்டுவருவார்கள். சில நேரங்களில் முழு நீளத்தையும் அவையில் விரித்துக் காட்டுவார்கள். அப்போது எழுந்து ஓடி உதவ முற்படாமல் அமர்ந்தே இருந்து, அவர்கள் பேச்சும் செபமும் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். விரித்த துணியின் மேல் நடக்கும்படி உங்களை அழைத்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாம். அழைக்காதபோது அதைத் தாண்டுவதோ மிதிப்பதோ கூடாது. கொடுக்கும்போது இரு கைகளாலும் வாங்கி, தலையைச் சற்றுத் தாழ்த்தி, "மாலோ அவ்பீத்தோ" என்று சொன்னால் போதும். மிக்க நன்றி என்பது அதன் பொருள். "எனக்கு இவ்வளவு பெரியது வேண்டாம், வீட்டில் இடமில்லை" என்று மறுப்பது நம் ஊரில் பணிவாகத் தோன்றலாம். அங்கே அது நீட்டிய உறவைத் திருப்பித் தள்ளுவதாக ஆகிவிடும். எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பெற்றுக்கொள்ள வேண்டும்; என்ன செய்வது என்பதைப் பின்னர் அவர்களிடமே கேட்கலாம்.

பெற்ற அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. யார் கொடுத்தார், எந்த நிகழ்ச்சிக்குக் கொடுத்தார், எந்த ஊரில் எவர் செய்தார், கோலத்தின் பெயர் என்ன என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மானுலுவா என்னும் கோலம் இரு பறவைகள் ஒன்றுசேர்ந்த வடிவம். ஹாலா பைனி என்பது அரண்மனைக்குச் செல்லும் பைன் மர வீதியைக் குறிப்பது. அரசின் முத்திரையும் சிங்கமும் கழுகும் புறாவும்கூட வரும். ஒவ்வொரு கோலத்துக்கும் குடும்பத்தோடோ இடத்தோடோ தொடர்பு இருப்பதால், கொடுப்பவரிடம் அதைக் கேட்பது அவர்களை மகிழ்விக்கும். பத்தாண்டு கழித்து இச்செய்திகளை வேறெங்கும் தேடிப் பெற முடியாது.

பதிலாகச் செய்ய வேண்டியது

உடனடியாக அதே மதிப்புள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்க முற்படாதீர்கள். கணக்கை அன்றே தீர்த்துக்கொள்வது உறவையும் முடித்துக்கொள்வது போலாகும். அந்தக் குடும்பத்தில் அடுத்து ஒரு திருமணமோ இறப்போ நிகழும்போது அழையாமலே சென்று நிற்பதும், உணவுச் செலவுக்கு ஒரு தொகையை உறையிலிட்டுக் கொடுப்பதும், சமையலறையில் இறங்கி வேலை செய்வதும் அவர்கள் வழக்கத்துக்கு முற்றிலும் பொருந்தும். துக்க வீட்டுக்குக் கறுப்பு உடையில் செல்ல வேண்டும்.

பொருளாகக் கொடுக்க விரும்பினால், பாயைப் போல அவர்கள் உள்ளத்தைத் தொடுவது வேறில்லை. தாஓவாலா என்னும் பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு விழாவுக்கு வரும் மக்கள் அவர்கள். நமக்கு அருகில் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் மணமக்கள் பெயரைக் கோரையில் நெய்து தரும் கல்யாணப் பாய் கிடைக்கிறது. டோங்கா நண்பர் வீட்டுத் திருமணத்துக்கு அதைவிடத் தகுந்த பரிசு எனக்குத் தோன்றவில்லை. வடசேரி கைத்தறிக் கடைகளில் கிடைக்கும் கரைவைத்த வெள்ளை வேட்டியும் நேரியதும் நல்லவையே. தையல் போர்வைகளையும் விரிப்புகளையும் கொலோவாவோடு சேர்த்து அடுக்கும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே உள்ளது. பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதைவிட விரித்துக் காட்டிக் கொடுப்பது நல்லது.

டோங்காக் குடும்பம் ஒன்றுக்கு நாமே ஙாத்து வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்போர் உண்டு. கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் எந்த வகை, எந்த அளவு, யாருக்கு முதலில் என்பதில் அவர்களுக்குள் நுட்பமான வரிசை இருப்பதால், அக்குடும்பத்து மூத்த பெண் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் வழியாகவே கொடுக்க வேண்டும்.

நம் மாவட்டத்து ஈரக்காற்றில் காப்பது

இந்தப் பகுதியை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை சுவரை விட்டு முழுதாக அகல்வதில்லை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஙாத்துவின் நாரும் பசையும் ஈரத்தை உறிஞ்சும். மாவுப்பசை பூச்சிக்கு உணவு. சாயம் நீர் பட்டால் கசியும், வெயில் பட்டால் வெளிறும்.

ஆகவே எக்காரணம் கொண்டும் துவைக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கவும் கூடாது. சிறிய துண்டாக இருந்தால் சுருட்டி வைப்பதே சிறந்த வழி. துணிக்கடைகளில் சுருள்துணி தீர்ந்த பின் எஞ்சும் தடித்த அட்டைக்குழாயைக் கேட்டு வாங்கி, அதன் மேல் கஞ்சி போடாத, நன்கு துவைத்து உலர்த்திய பழைய வெள்ளை வேட்டியைச் சுற்றி, அதன் மேல் ஙாத்துவைக் கோலம் வெளிப்புறமாக இருக்கும்படி தளர்வாகச் சுருட்டி, மறுபடியும் பருத்தித் துணியால் போர்த்த வேண்டும். இறுக்கமான பிளாஸ்டிக் உறை கூடாது. உள்ளே ஈரம் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பெரிய துணியை மடிக்காமல் முடியாது. மடிப்புகளில் பழைய பருத்தித் துணியை உருட்டி வைத்து, ஆண்டுதோறும் மடிப்புக் கோட்டை மாற்றினால் நார் முறியாது. டோங்காவில் பலர் மெத்தைக்கு அடியில் தட்டையாக விரித்து வைக்கிறார்கள். நம் வீட்டிலும் உலர்ந்த மரக்கட்டில் இருந்தால் இதைப் பின்பற்றலாம்.

வைக்கும் இடம் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டியதாக இருக்கக் கூடாது. தரையிலும் பரணிலும் வைக்காமல், காற்றோட்டமுள்ள உள்ளறை மர அலமாரியின் நடுத்தட்டில் வைப்பது நலம். பாச்சை உருண்டையை வைப்பதானால் துணிமுடிப்பில் கட்டித் துணியைத் தொடாமல் வைக்க வேண்டும். வசம்பும் நன்கு காய்ந்த வேப்பிலையும் அவ்வாறே. பச்சை வேப்பிலை ஈரத்தையே கூட்டும். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் ஒரு நாளும், தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதத்தில் ஒரு நாளும் வெளியே எடுத்து, வெயில் படாத கூடத்தில் பாயின் மேல் விரித்து, இருபுறமும் பார்த்து, மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும். பூஞ்சை தென்பட்டால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துத் தட்டுங்கள். பூச்சி அரித்த சிறு துண்டைப் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி இரண்டு வாரம் உறைநிலைப் பெட்டியில் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுவதும் பையைப் பிரிக்காமல் வைத்திருந்து, பிறகு திறக்கலாம். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டுவதும் செயற்கைப் பசை தடவுவதும் பின்னர் சரிசெய்ய முடியாத கேட்டை விளைவிக்கும். கிழிந்தபடியே விட்டுவைப்பது மேல்.

சுவரில் மாட்ட விரும்புவோர் ஆணி அடிக்காமல், மேல் ஓரத்தை இரு மரச்சட்டங்களுக்கு இடையே மெதுவாகப் பற்றவைத்து, சன்னல் வெளிச்சம் நேரே விழாத சுவரில் சில மாதங்கள் மட்டும் மாட்டி மறுபடியும் சுருட்டி வைக்கலாம். சந்தையில் விலைக்கு வாங்கிய சிறு துண்டைக் கண்ணாடிச் சட்டமிட்டு வைப்பதில் தயக்கம் வேண்டாம். விழாவில் கொடுக்கப்பட்டதை மேசை விரிப்பாகவோ மெத்தை உறையாகவோ ஆக்குவது மட்டும் ஆகாது.

பிறருக்குக் கொடுப்பது

பரிசாக வந்ததைப் பிறருக்குக் கொடுப்பது நம்மிடையே சற்றுக் கூச்சத்துக்கு உரிய செயல். ஙாத்துவைப் பொறுத்தவரை அந்தக் கூச்சம் தேவையற்றது. நல்ல நிகழ்ச்சி ஒன்றில் அதை மற்றொருவருக்குக் கொடுத்தால் கொடுத்தவர் மனம் குளிரும். உங்கள் மகளின் திருமணத்தில் கொடுக்கலாம். உங்களோடு அதே மருத்துவமனையில் உழைத்துத் தாயகம் திரும்பும் தோழிக்குக் கொடுக்கலாம். பலருக்குப் பிரிக்க வேண்டியிருந்தால் கட்டங்களின் எல்லைக் கோட்டில் குறுக்காக வெட்டலாம். டோங்காவிலும் அவ்வாறே பங்கிடுகிறார்கள். கோலத்தின் நடுவே விருப்பம்போல் கத்தரிக்கக் கூடாது. கொடுக்கும்போது, முதல் நாளில் எழுதி வைத்த தாளைப் படியெடுத்து, உங்கள் பெயரையும் நிகழ்ச்சியையும் அதன் கீழே சேர்த்துத் துணியோடு வைத்துக் கொடுங்கள்.

துணியை நியூசிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ மீண்டும் எடுத்துச் செல்வதானால், அது தாவரத்தால் ஆன பொருள் என்பதை வருகைப் படிவத்தில் தவறாமல் அறிவிக்க வேண்டும். பத்தமடைப் பாய்க்கும் இது பொருந்தும். மண், பூச்சி, பூஞ்சை எதுவும் இல்லாதபடி புறப்படுவதற்கு முன்பே இருபுறமும் பார்த்துத் தூசி தட்டி, பெட்டியின் அடியில் புதைக்காமல், அதிகாரி கேட்டவுடன் விரித்துக் காட்டும்படி மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.